வரத்துக்காலும் மறுகாலும்

இன்று இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்கள்: அஃப்ளுயன்ஸ், அபண்டன்ஸ். இரண்டையுமே நாம் ‘வளம்’, ‘செழிப்பு’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆனால் ஒரு பணக்காரரை அஃப்ளுயன்ட் என்று சொல்லலாம், அபண்டன்ட் என்று சொல்ல முடியாது. ஏன்?

இங்கே ஜெர்மனியில் ரைனும் மோசலும் சேரும் இடத்தில் கோப்லென்ஸ் நகரம் இருக்கிறது. ரோமர்கள் வைத்த பெயர் கொன்ஃப்ளுவென்டெஸ். நம் பவானி கூடுதுறை மாதிரிதான். அதற்குள் இருப்பது ‘ஃப்ளுவெரே’, ஓடுதல் என்னும் லத்தீன் வினை. அதன் முன்னால் ‘நோக்கி’ என்ற முன்னொட்டைச் சேர்த்தால் அஃப்ளுயன்ஸ்: ஒன்றை நோக்கி ஓடி வருவது. ஆங்கிலத்தில் துணையாற்றுக்கும் அஃப்ளுயன்ட் என்ற பெயர் உண்டு. ஆக, நீர் வந்து சேர ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில்தான் பணக்காரர் நிற்கிறார்.

அபண்டன்ஸ் எதிர்த்திசை. ‘உண்டா’ என்றால் அலை. ‘அப்’ என்றால் விலகி. கரைகொள்ளாமல் அலையடித்து வெளியேறுவது. யாருக்குச் சொந்தம் என்ற பேச்சே அதில் இல்லை. இடைக்காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ‘வைத்திருத்தல்’ என்று பொருள்படும் ‘ஹபேரே’ என்ற வினையிலிருந்து இது வந்ததாக நினைத்து, முன்னால் ஓர் ‘ஹ’ போட்டு ‘ஹபண்டன்ஸ்’ என்று எழுதினார்கள். பிறகு அந்த எழுத்து உதிர்ந்துவிட்டது. எனக்கு இது வெறும் எழுத்துப்பிழையாகத் தெரியவில்லை. வழிந்தோடுவதைக்கூட ‘என்னிடம் இருப்பது’ என்று வாசிக்கத்தானே மனிதனுக்குத் தோன்றுகிறது!

1958இல் கால்பிரெய்த் எழுதிய ‘தி அஃப்ளுயன்ட் சொசைட்டி’ ஜெர்மனுக்கு வந்தபோது தலைப்பில் ‘ஊபர்ஃப்ளுஸ்’ என்ற சொல் ஏறியது. ஊபர் என்றால் மேலே, ஃப்ளுஸ் என்றால் ஓட்டம், ஆறு. ஆங்கிலத்தில் உள்ளே வந்த நீர் ஜெர்மனில் வெளியே வழிந்துவிட்டது. இதே சொல்லின் உரிச்சொல் ‘ஊபர்ஃப்ளுசிக்’. அதற்கு ‘தேவையற்றது’ என்று பொருள். நிறைந்து வழிவதற்கும் வேண்டாததற்கும் நடுவே ஒரு விகுதிதான். பொருளைச் சொன்னால் பரவாயில்லை. ஒரு மனிதரையும் அந்த மொழியில் அப்படிச் சொல்லிவிடலாம். அகதியாக வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் ஏரிகளுக்கு வருவோம். ஏரிக்கு நீர் கொண்டுவருவது வரத்துக்கால். நிறைந்தபின் கலிங்கு வழியாக மிகுநீர் வெளியேறுவது மறுகால். வன்னியில் ‘குளம் வான் பாயுது’ என்பார்கள். என் கைக்கு வாய்ப்பு வந்தால் அஃப்ளுயன்ஸுக்கு ‘வரத்து’ என்றும் அபண்டன்ஸுக்கு ‘மறுகால்’ என்றும் எழுதுவேன். அகராதிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், போகட்டும். சங்கிலித் தொடராக வெட்டிய ஏரிகளில் மேல் ஏரியின் மறுகால்தான் கீழ் ஏரிக்கு வரத்து. அங்கே ‘ஊபர்ஃப்ளுசிக்’ என்று ஒரு சொட்டையும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கால்வாயை யாராவது வெட்டியிருக்க வேண்டும். 1993இல் பெர்லினில் தொடங்கிய டாஃபெல் அமைப்பு, கடைகளில் மிஞ்சும் உணவை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறது. இன்று ஜெர்மனி முழுக்க 900க்கும் மேற்பட்ட டாஃபெல்கள் இருக்கின்றன. டாஃபெல் என்றால் சாப்பாட்டு மேசை. வாசலில் வரிசை நீளமாக இருக்கிறது, நம்மவர்களும் நிற்கிறார்கள்.

கேள்விகள் வந்திருக்கின்றன என்கிறார்கள். பார்க்கலாம்.