பார்சல் போதும் கண்ணு

(சேலம் – நாமக்கல் மண்டல ஐ.டி. விங் பயிற்சி முகாமில் நம் தன்னார்வலர் ஒருவர் பேசியது. நேரில் வர முடியாத நண்பர்களுக்காக எழுத்து வடிவில் இங்கே.)



மேடையில் இருக்கும் மாவட்ட, ஒன்றிய நிர்வாகிகளுக்கும், ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு வந்திருக்கிற தம்பி, தங்கைகளுக்கும் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "உள்ளூர்ப் பிரச்சினைகளை இணையத்தில் எப்படிப் பேசுவது". நான் ஹேஷ்டேக் பத்தி கிளாஸ் எடுக்கப் போறதில்லைங்க. ஒரு ஓட்டல் சாப்பாட்டைப் பத்திச் சொல்லப் போறேன். அதுல பாதித் தப்பு என் மேல. அதையும் சேர்த்தே சொல்றேன்.

போன தடவை நம்ம கூட்டம் முடிஞ்சு மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணது நான்தான். 40 பேர். பைபாஸ் ஓரமா ஒரு ஓட்டல். பேர் வேண்டாம். ஆன்லைன்ல நல்ல ஸ்டார், நல்ல ரிவ்யூ. பார்க்கிங் இருக்கான்னு கேட்டேன். ஏ.சி. இருக்கான்னு கேட்டேன். 40 பேர் ஒண்ணா உட்கார முடியுமா, சைவம் தனியா கிடைக்குமா, பில் போட்டுத் தருவீங்களா, எல்லாம் கேட்டேன். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கல.

நம்ம கூட ஒரு பெரியவர் வந்திருந்தார். நாங்க எல்லாரும் மாமான்னுதான் கூப்பிடுவோம். சங்ககிரியில லோடு ஏத்தினா வட இந்தியா வரைக்கும் லாரி ஓட்டிட்டுப் போன மனுஷன். ஒரு விபத்துக்கு அப்புறம் சக்கர நாற்காலிதான். நம்ம பசங்க பொறக்கறதுக்கு முன்னாடியே சுவர் விளம்பரம் எழுதினவர். அன்னைக்குக் கூட்டத்துல நம்மளைவிட அதிகமா கை தட்டினதும் அவர்தான்.

ஓட்டல் வாசல்ல மூணு படி. ஏறி உள்ளே போனா, "நீங்க புக் பண்ண ஏ.சி. ஹால் மாடியில சார்"னாங்க. லிப்ட் இல்லை. நாங்க நாலு பேர் சட்டைக் கையை மடிச்சுட்டு, "தூக்கிடலாம் மாமா"ன்னு நின்னோம். அவர் ஓட்டல் வாசலைப் பார்த்தார், படியைப் பார்த்தார். "வேண்டாம் கண்ணு. எனக்குப் பார்சல் போதும். கார்லயே சாப்பிட்டுக்கறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க"ன்னார்.

நாங்களும் போய்ச் சாப்பிட்டோம். அதுதான் எனக்கு இன்னைக்கும் உறுத்துது. மாடியில நம்ம 39 பேரும் இலை போட்டு, கூட்டு, பொரியல், பாயசம்னு சாப்பிட்டோம். சமத்துவம் பத்தி காலையில கை தட்டின அதே கூட்டம். கீழே வெயில்ல காருக்குள்ள அவர் மட்டும் மடியில பொட்டலத்தை வச்சுக்கிட்டு, சாம்பார் கவரைப் பல்லால கடிச்சுத் திறந்துட்டிருந்தார்.

நான் இறங்கி வந்து தண்ணி பாட்டில் நீட்டினேன். கை மட்டும் கழுவிக்கிட்டார், குடிக்கல. "காலையில இருந்தே நீங்க தண்ணி குடிக்கலையே மாமா?"ன்னேன். "குடிச்சா போகணும்ல கண்ணு. எங்க போறது?"ன்னார்.

நண்பர்களே, இந்தப் பதிவைப் படிக்கிற நீங்களும் ஒரு நிமிஷம் யோசிங்க. வெளியூர் கிளம்புற அன்னைக்கு, பாத்ரூமுக்குப் பயந்துக்கிட்டு, நம்ம சேலத்து வெயில்ல, நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம இருக்கிற ஒருத்தர் உங்க வீட்டுலயோ உங்க தெருவுலயோ இருக்காரா? எனக்குத் தெரிஞ்சு இருக்கார்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

"தூக்கிட்டுப் போயிருக்கலாமே"ன்னு சில பேர் அப்புறம் கேட்டாங்க. நல்ல மனசுதான். ஆனா வளர்ந்த மனுஷனை நாலு பேர் தூக்கிட்டுப் போக, கடையே திரும்பிப் பார்க்க, அதுக்கப்புறம் அவருக்குச் சோறு இறங்குமா? அதே இடத்துல ஒரு அக்காவோ தங்கச்சியோ இருந்தா, முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்க தூக்க முடியுமா? படியில ஒருத்தருக்குக் கால் தவறினா என்ன ஆகும்? நம்ம தோள் தற்காலிக உதவி. அவங்களுக்கு வேண்டியது நிரந்தரமான வழி.

சேலத்துல இதைப் பேசும்போது ரெண்டு பேரை மறக்க முடியாது. வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி. தசைச்சிதைவு நோயோட வாழ்ந்துக்கிட்டே, அதே நோய் உள்ள மத்தவங்களுக்காக நம்ம சேலத்துல ஆதவ் அறக்கட்டளையை நடத்தின சகோதரிகள். வானவன் மாதேவி 2017 ஜனவரியில மறைஞ்சுட்டாங்க. தசைச்சிதைவுல உடம்பு பலம் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். நேத்து ஏறின படியை இன்னைக்கு ஏற முடியாமப் போகலாம். அப்படிப்பட்டவங்களுக்கு 6 அங்குலப் படி ஒண்ணு போதும், வீட்டுக்குத் திருப்பி அனுப்ப.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்குறது இல்லை. 2022 பிப்ரவரியில குருகிராம்ல ஒரு ரெஸ்டாரண்ட். சக்கர நாற்காலியில வந்த ஒரு இளம்பெண்ணை உள்ளே விடல. மத்த கஸ்டமர்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு காரணம் சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு ட்விட்டர்ல எழுதினதும் நாடு முழுக்கப் பேசினாங்க, அந்த ஓட்டல்காரர் மன்னிப்புக் கேட்டார். நல்லதுதான். ஆனா வாயைத் திறந்து "வராதே"ன்னு சொன்னதால அது செய்தி ஆச்சு. நம்ம ஊர்ல யாரும் வாயைத் திறக்கிறதில்லை. மூணு படியே அதைச் சொல்லிடுது. அது செய்தியும் ஆகுறதில்லை.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. இதுல "பொதுக் கட்டடம்"ங்கறதுக்குக் கொடுத்திருக்கிற விளக்கத்தைப் படிங்க. அரசுக் கட்டடம் மட்டும் இல்லை. பொதுமக்கள் வந்து போற, வியாபாரம் நடக்கிற தனியார் கட்டடமும் அதுல வரும். அப்ப ஓட்டலும் வரும். 44-வது பிரிவு, அணுகல் விதிகளுக்கு ஒத்து வராத வரைபடத்துக்குக் கட்ட அனுமதி கொடுக்கக் கூடாதுங்குது. 46-வது பிரிவு, சேவை தர்றவங்க அரசா இருந்தாலும் தனியாரா இருந்தாலும் விதி வந்த ரெண்டு வருஷத்துல மாத்தியாகணும்ங்குது. விதிகள் வந்தது 2017 ஜூன். 89-வது பிரிவு அபராதம்: முதல் தடவை 10,000 ரூபாய் வரைக்கும், மறுபடியும் மீறினா 50,000-ல இருந்து 5 லட்சம் வரைக்கும்.

அப்புறம் ஏன் எதுவும் மாறல? ஒரு காரணத்தை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. பார்வைத்திறன் இல்லாத ராஜீவ் ரதூரி 2005-ல போட்ட பொதுநல வழக்கு. அதுல 2024 நவம்பர் 8-ம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் "கட்டாயம்"ங்குது, ஆனா அதுக்குக் கீழ எழுதின 15-வது விதி வெறும் பரிந்துரை மாதிரி இருக்கு, இது சட்டத்துக்கே முரண்னு சொல்லி, கட்டாய விதிகளைக் கொண்டு வரச் சொன்னாங்க. "செய்தாக வேண்டும்"ங்கற இடத்துல "செய்தால் நல்லது"ன்னு இருந்தா யார் செய்வாங்க? நம்ம செமஸ்டர்ல "ஆப்ஷனல்"னு போட்ட பாடத்தை நாம எத்தனை பேர் படிச்சோம்?

2011 கணக்கெடுப்புப்படி நம்ம தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல. அவங்க தனியாச் சாப்பிட வர்றதில்லை. குடும்பத்தோட வர்றவங்க. ஒருத்தரால படி ஏற முடியலைன்னா அந்த மொத்தக் குடும்பமும் அடுத்த கடைக்குப் போயிடும், இல்லை வீட்டுலயே இருந்துடும். முட்டி வலிக்கிற அப்பத்தா, கர்ப்பிணி, கைக்குழந்தையோட வர்ற அம்மா, எல்லாருக்கும் அதே படிதான். ஓட்டல் முதலாளிகிட்ட இதைச் சொல்லுங்க, அவருக்கு வியாபாரக் கணக்குப் புரியும்.

முதலாளி தரப்பையும் நாம கேட்கணும். வாடகைக் கட்டடம்னு சொல்வார். ரோடு போட்டுப் போட்டு உசந்துடுச்சு, மழைத்தண்ணி உள்ளே வருது, அதான் படி வச்சோம்னு சொல்வார். உண்மைதான். அதுக்காகத்தான் நாம அளவோட பேசணும். நாம என்ஜினியரிங் படிச்ச பசங்கதானே? டேப்பை எடுங்க.

சாய்தளத்துக்குக் கணக்கு 1-க்கு 12. அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம். 6 அங்குலப் படி ஒண்ணு இருந்தா 6 அடி போதும். மூணு படி, 18 அங்குலம்னா 18 அடி. நேரா இடம் இல்லைன்னா சுவரை ஒட்டிப் பக்கவாட்டுல கொண்டு போகலாம். பல கடையில சிலிண்டர் ஏத்தவும் பைக் ஏத்தவும் செங்குத்தா ஒரு சரிவு வச்சிருப்பாங்க. அதைக் காட்டி "இருக்கே தம்பி"ம்பாங்க. அதுல சக்கர நாற்காலி ஏறாது, பின்னாடி கவிழும். கதவு 900 மில்லிமீட்டர் அகலம் வேணும். உள்ளே திரும்ப 1,500 மில்லிமீட்டர், அதாவது சுமார் 5 அடி இடம் வேணும். தரையோட போல்ட் போட்ட டேபிள், பெஞ்சுல ரெண்டை மட்டும் எடுத்துட்டு, நகர்த்துற மாதிரி நாற்காலி போட்டா போதும்.

இரும்பு வேலைக்கு நாம எங்கேயும் போக வேண்டியதில்லை. லாரிக்கு பாடி கட்டுறதுல நாமக்கல் பேர் நாடு பூரா தெரியும். திருச்செங்கோட்டுல ரிக் வண்டிக்கே வேலை பண்றாங்க. இவங்களுக்கு 6 அடி செக்கர் பிளேட்டுல, ரெண்டா மடிக்கிற ஒரு சாய்தளம் என்ன பெரிய வேலையா? கனடாவுல டொரன்டோ நகரத்துல லூக் ஆண்டர்சன்னு ஒருத்தர். அவரும் ஒரு என்ஜினியர், சக்கர நாற்காலியில இருக்கிறவர். 2011-ல 'ஸ்டாப்கேப்'னு ஒரு வேலையை ஆரம்பிச்சார். தன்னார்வலர்கள் சேர்ந்து, ஒத்தைப் படி இருக்கிற கடைகளுக்குக் கலர் பெயின்ட் அடிச்ச சாய்தளம் செஞ்சு கொடுத்தாங்க. டொரன்டோவுல மரத்துல செஞ்சதை நாமக்கல்ல இரும்புல செய்ய மாட்டோமா?

படி மட்டும் இல்லைங்க. காசே ஆகாத வேலையும் இருக்கு. டேபிள்ல ஒட்டுற க்யூ.ஆர். கோடு மெனு பல இடத்துல வெறும் போட்டோ. பார்வை இல்லாதவர் போன்ல இருக்கிற டாக்பேக் அதைச் சரியாப் படிக்காமப் போகலாம். அதையே எழுத்தா டைப் பண்ணிப் போட்டா படிக்கும். நம்ம ஐ.டி. விங் பசங்களுக்கு அரை மணி நேர வேலை, இலவசமாவே செஞ்சு கொடுங்க. சப்ளையர் அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க: கூட வந்தவரைப் பார்த்து "சார் என்ன சாப்பிடுவார்?"னு கேட்காதீங்க, அவரையே கேளுங்க. காது கேளாதவர் வந்தா மெனுவை நீட்டி விரலைக் காட்டச் சொல்லுங்க, இல்லை எழுதிக் காட்டுங்க. இலையில எங்க என்ன வச்சிருக்குன்னு பார்வை இல்லாதவருக்கு ஒரு தடவை சொல்லிடுங்க.

இப்ப நம்ம வேலைக்கு வர்றேன்.

ஒண்ணு. ஒவ்வொரு ஒன்றியத்துலயும் ரெண்டு பேர், ஒரு டேப், கூடவே அந்த ஊர் மாற்றுத்திறனாளி ஒருத்தர். அவர் இல்லாம போகாதீங்க, நமக்குத் தெரியாதது அவருக்குத்தான் தெரியும். வாசல், கதவு, டேபிள், கை கழுவுற இடம், கழிப்பறை. இந்த அஞ்சையும் பார்த்து எழுதுங்க.

ரெண்டு. எந்தக் கடையையும் திட்டிப் பதிவு போடக் கூடாது. கூட்டமாப் போய் ஒரு ஸ்டார் குத்துறது நம்ம வேலை இல்லை. முதல்ல முதலாளிகிட்ட உட்கார்ந்து பேசுங்க. செஞ்சு முடிச்ச கடையோட போட்டோவைப் போடுங்க, நல்லாப் பாராட்டுங்க. எத்தனை தடவை பேசியும் அசையாத இடத்துக்கு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு மனு கொடுங்க. சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்க.

மூணு. கணக்கெடுப்பு நம்ம கட்சி அலுவலகத்துல இருந்து ஆரம்பிக்கணும். நம்ம அலுவலகத்துல எத்தனை மாடியில இருக்கு? நாம பிடிக்கிற மண்டபம்? நம்ம மேடை? இந்த மேடைக்கே அஞ்சு படி. இப்ப ஏறும்போதுதான் எண்ணினேன். உள்ளாட்சி மன்றங்கள்ல மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினரா உட்கார வைக்க 2025-ல நம்ம சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியிருக்கு. நாளைக்கு அந்த உறுப்பினர் நம்ம கூட ஒரே மேடையில பேசணும், கூட்டம் முடிஞ்சு நம்ம கூடவே டீ குடிக்கணும். அதுக்கு வழி இருக்கா?

மாமா இன்னைக்கு வந்திருக்கார். முதல் வரிசையில இருக்கார். இன்னைக்கு மதியச் சாப்பாட்டு இடத்தை நான் நேத்தே போய் டேப் வச்சு அளந்துட்டு வந்தேன். தரைத்தளம். வாசல்ல ஒரு படி. நம்ம வெல்டிங் பட்டறை அண்ணன் ஒருத்தர் செஞ்சு கொடுத்த சாய்தளத்தை விடியக்காலையிலேயே கொண்டு போய்ப் போட்டாச்சு. பாத்ரூம் கதவையும் அளந்துட்டேன், நாற்காலி போகும்.

மாமா, தண்ணி பாட்டில் உங்க பக்கத்துலதான் இருக்கு. குடிங்க. இன்னைக்குப் பார்சல் கிடையாது.



(உங்க ஊர்ல சாய்தளம் இருக்கிற ஓட்டல் எது? கமென்ட்ல பேரைச் சொல்லுங்க, பாராட்டுவோம். இல்லாத ஓட்டல் பேரைப் போட வேண்டாம், நேர்ல போய்ப் பேசுங்க.)

#எல்லாருக்கும்_ஒரே_வாசல்