தாம்பரம்: நீர் இரண்டாகப் பிரியும் மேடு



திருநெல்வேலியிலோ மதுரையிலோ இரவு ரயில் ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். விடியற்காலையில் வண்டி வண்டலூரைத் தாண்டியதும் பெட்டியில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும். மேல்படுக்கையிலிருந்து பைகள் இறங்கும். "தாம்பரம் வந்துடுச்சு, எழுந்திரு, எழுந்திரு" என்று தூங்கும் பிள்ளையை உசுப்புவார்கள். எழும்பூர் வரை பயணச்சீட்டு வைத்திருப்பவர்களிலும் பலர் இங்கேயே இறங்கிவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் பெட்டி பாதி காலி. அப்படி இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஊர் பார்க்க வந்தவர்கள் இல்லை, வீடு திரும்புகிறவர்கள். சென்னைக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தமாக இருந்த தாம்பரம் இன்று பல லட்சம் பேருக்குச் சொந்த ஊர். அந்த ஊரின் நிலத்தையும் நீரையும் மக்களையும் இன்று உங்களோடு சேர்ந்து ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

ரயிலை விட்டு இறங்கியதும் நடைமேம்பாலத்தில் ஏறி நடுவில் நில்லுங்கள். இங்கே யாரும் வெறுமனே "தாம்பரம்" என்று விலாசம் சொல்வதில்லை. "ஈஸ்டா, வெஸ்டா?" என்றுதான் ஆட்டோக்காரர் முதலில் கேட்பார். மேற்கே ஜி.எஸ்.டி. சாலை, சண்முகம் சாலைக் கடைத்தெரு, முடிச்சூர் போகும் பேருந்துகள். கிழக்கே வேளச்சேரி சாலை, கிறித்தவக் கல்லூரியின் மரக்கூட்டம், சேலையூர், விமானப்படைத் தளம். காலை வேளையில் அந்தப் பக்கமிருந்து பயிற்சி விமானங்களின் இரைச்சல் கேட்கும். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி 1954 முதல் இங்கேதான் இருக்கிறது.

ஈஸ்ட், வெஸ்ட் என்ற இந்தப் பிரிவு ரயில் பாதை போட்ட கோடு. அதற்கு வெகுகாலம் முன்பே இந்த நிலத்தை மழைத்தண்ணீர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. தாம்பரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில், சிறு பாறைக் குன்றுகளுக்கு நடுவே, சற்றே மேடான இடத்தில் இருக்கிறது. அந்த மேட்டின் மேற்குச் சரிவில் விழும் மழை முடிச்சூர்ப் பக்கம் ஓடி அடையாற்றில் சேர்ந்து, சென்னை நகரத்தைக் கடந்து கடலுக்குப் போகும். கிழக்குச் சரிவில் விழும் மழையோ சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி இறங்கி, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடையும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காட்டுப் பக்கம் கடல். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் விழுந்த இரண்டு துளிகள் கடலில் சேரும்போது இருபது கிலோமீட்டருக்கும் மேல் விலகியிருக்கும். தாம்பரத்தின் புவியியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், நேயர்களே, இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். கடப்பேரியின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் ஆகிய ஒவ்வொரு பாக்கத்துக்கும் ஓர் ஏரி உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. இரும்புலியூர், புலிக்கொரடு என்று இரண்டு பெயர்களில் புலி வேறு பதுங்கியிருக்கிறது. குன்றும் புதர்க்காடும் ஏரியுமாக இருந்த நிலத்துக்குப் பொருத்தமான பெயர்கள்தாம்.

அந்தக் குன்றுகள் சாதாரணக் குன்றுகள் இல்லை. பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்ற ஆராய்ச்சி அந்த ஒரு கல்லிலிருந்துதான் கிளம்பியது. இங்குள்ள கருமையான பாறைக்கு உலகப் புவியியல் நூல்களில் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை என்பதால், அவர் பெயரையே புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் சூட்டினார். சார்னகைட்டை ஆராய வருகிறவர்கள் இன்றும் முதலில் கேட்பது பல்லாவரத்தைத்தான். மின்சார ரயிலில் தினமும் அந்தக் குன்றைத் தாண்டிப் போகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லித் தர வேண்டும்.

மின்சார ரயில் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1931 மே 11 முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதையில் இந்தியாவில் ஓடிய முதல் மின்சார ரயில் அதுதான். அப்போது தாம்பரம் ஒரு கிராமம். ஒரு கிராமத்தைக் கடைசி நிறுத்தமாக வைத்து இவ்வளவு பெரிய வேலையைச் செய்தார்கள் என்றால், ஊர் பின்னால் வரும் என்ற நம்பிக்கைதான் காரணமாக இருந்திருக்கும். ஊர் வந்தது.

ஊருக்கு முன்னால் வந்தவர்கள் நோயாளிகளும் மாணவர்களும். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து என்பவர் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு காசநோய் மருத்துவமனையை இங்கே தொடங்கினார். இங்கிலாந்தில் மலைப்பாங்கான இடத்தில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர் அவர். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு, இவைதான் சிகிச்சை. நகரத்தை விட்டு விலகி, குன்றடியில், மரநிழலில் அவர் இடம் தேடினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றும் அது அரசு நெஞ்சக மருத்துவமனையாக நடக்கிறது. 'சானடோரியம்' என்ற சொல் ஒரு ரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. பக்கத்திலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதே 1937-இல் சென்னை கிறித்தவக் கல்லூரி நெரிசலான ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்க் காட்டின் ஒரு பகுதிக்குக் குடிபெயர்ந்தது. வளாகம் 365 ஏக்கர். கல்லூரிக்குள் காலை நேரத்தில் நடந்தால், நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த வட்டாரம் முழுவதும் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். புதர்க்காட்டின் வாசனை வரும். புள்ளிமான் குறுக்கே ஓடும்.

நோயாளிக்குக் காற்று, மாணவனுக்கு அமைதி, விமானத்துக்கு வெட்டவெளி. மூன்றும் கிடைத்ததால் வந்தவர்களின் பின்னால் வேலைக்காரர்கள் வந்தார்கள், கடைகள் வந்தன, வீடுகள் வந்தன. 1964-இல் தாம்பரம், கடப்பேரி, புலிக்கொரடு, இரும்புலியூர், சேலையூர் ஆகிய ஊராட்சிகள் சேர்ந்து நகராட்சி ஆயின. 1984-இல் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தது. நம் ஊர்க்காரர்கள் 'மெப்ஸ்' என்பார்கள். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அதன் வாசலில் நின்றால், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருவதைப் பார்க்கலாம். கடைசியாக, 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. எழுபது வார்டுகள், ஏறத்தாழ 87 சதுர கிலோமீட்டர்.

இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் தனி முகம் உண்டு. அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். இங்கே நெய்த கட்டம் போட்ட 'மெட்ராஸ்' கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. இப்போது வாழைநாரில் சேலை நெய்கிறார்கள். பல்லாவரம் நகராட்சியில் இருந்த குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால். திருநீர்மலை நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். தண்ணீர் வடிய ஆறு மாதம் காத்திருந்தாராம். இது தல வரலாறு. ஆனால் அந்த மலை அடையாற்றங்கரையில் இருக்கிறது என்பதைச் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

மக்கள்தொகைக்கு வருகிறேன். அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், ஓர் ஊரின் எல்லையைத் தொட்டதும் சாலையோரத்தில் ஒரு பச்சைப் பலகை நிற்கும். ஊரின் பெயர், கடல்மட்டத்திலிருந்து உயரம், மக்கள்தொகை, இவ்வளவுதான் அதில் இருக்கும். சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூருக்கும் அந்தப் பலகை உண்டு. இரும்புலியூரில் அப்படி ஒரு பலகை நட்டால் என்ன எண்ணை எழுதுவது? இப்போதைய மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பின்படி ஏழு லட்சத்து இருபத்து மூவாயிரம் பேர் இருந்தார்கள். பழைய தாம்பரம் நகராட்சியில் மட்டும் 2001-இல் 1,37,933 பேர், 2011-இல் 1,74,787 பேர். நடு ஊரைவிட ஓரங்கள்தான் வேகமாக வளர்ந்தன. செம்பாக்கத்தில் அதே பத்து ஆண்டுகளில் மக்கள் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகினார்கள். நடு ஊரில் இடம் தீர்ந்ததும், மனை ஏரியின் பாசன நிலத்துக்குப் போனது என்று இதற்குப் பொருள்.

2011-க்குப் பிறகு? 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் மாவட்டம் மாறியது, 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. மாநகராட்சி வந்தது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட அன்று, ராமேஸ்வரத்திலிருந்து கொடியசைத்து அனுப்பிய புதிய ரயில் தாம்பரத்துக்குத்தான் வந்தது. ஊர் இத்தனை மாறியும், குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பள்ளியும் திட்டமிடுகிறவர்கள் கையில் இருக்கும் தலைக்கணக்கு 2011-இன் கணக்கு. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

தலையை எண்ணத் தாமதமானாலும் தண்ணீர் தன் கணக்கை மறப்பதில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்வதே 140 சென்டிமீட்டர் அளவுதான். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்கள் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் முடிச்சூர் மூழ்கியது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேருவது அதற்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பகுதி ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். அந்த நீருக்கு வழி தெரிந்திருந்தது. அந்த வழியில்தான் நாம் வீடு கட்டியிருந்தோம்.

அண்மையில் ஒரு காலை செம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தேன். நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அங்கே நடைப்பயிற்சிக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், வெள்ளை வேட்டி, கையில் குடை, கரையின் ஒரு மூலையைக் காட்டி, "அதோ, அங்கதாங்க மதகு. அதுல தண்ணி தொறந்தா நெல்லு எங்க வீட்டு வரைக்கும் பச்சையா நிக்கும்" என்றார். அவர் கை நீண்ட திசையில் நான்கு மாடிக் குடியிருப்புகள். அவற்றில் ஒன்றில்தான் அவரும் இருக்கிறார். வருத்தமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொன்னார். பிறகு, "வயல் போனது போகட்டும், கலங்கல் போற வழியையாவது விட்டு வைக்கணும் சார்" என்றார். இந்த வட்டாரத்தில் கேட்ட பேச்சில் இதைவிடத் தெளிவான நகரத் திட்டம் எனக்குக் கிடைக்கவில்லை. செம்பாக்கம் ஏரியும் சிட்லபாக்கம் ஏரியும் இன்று ஓரளவு சீராக இருக்கின்றன என்றால், அதற்குக் குடியிருப்போர் விடாமல் கேட்டதும் ஒரு காரணம்.

தென்சென்னைப் புறநகரில் மனையோ அடுக்ககமோ வாங்க நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலையையும் ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்பதையும் விசாரிப்பதோடு நிற்காதீர்கள். அந்த சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். வருவாய்த் துறையின் இணைய சேவையிலேயே அவை கிடைக்கும். ஏரி, வாய்க்கால், நீர்ப்பிடிப்பு என்ற சொல் அதில் எங்காவது இருந்தால் விலகிவிடுங்கள். ஏற்கெனவே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் வரும் வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் குடையோடு வாசலுக்கு இறங்கி, உங்கள் தெருத் தண்ணீர் அடையாற்றுப் பக்கம் ஓடுகிறதா, பள்ளிக்கரணைப் பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். அது போகும் வழியில் அடைப்பு இருந்தால் உங்கள் வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.