தேசப்படத்தில் வீங்கிய தீவு
(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



கொழும்பில் ஜிந்துப்பிட்டியைத் தெரியாதவர் குறைவு. அந்தப் பெயர் எப்படி வந்ததென்று கேட்டால், தென்னிந்திய இந்துக்களை, அதிலும் குறிப்பாகத் தெலுங்கரை, ஐரோப்பியர் 'ஜென்டு' என்று அழைத்ததைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. வெளியிலிருந்து வந்தவன் வாயில் வந்த சொல்லே ஊருக்குப் பெயராகிவிடுகிறது. பழைய தேசப்படங்களைப் புரட்டும்போது எனக்கு இந்த எண்ணம்தான் வரும்.

இரண்டாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி நமது தீவைத் 'தப்ரபேன்' என்றார். அவர் இங்கு வந்தவரல்லர். மாலுமிகளும் வணிகரும் சொன்னவற்றைக் கொண்டு சுமார் 8,000 இடங்களுக்கு அகலக்கோடு, நெடுங்கோடு கணித்து எழுதிவைத்தார். அநுராதபுரம் அதில் 'அநுரோகிராமம்' என்று இருக்கிறது! ஆனால் தீவோ உண்மையைப் போலப் பதினான்கு மடங்கு பெரியது. நாலு பாகைக்குள் அடங்கும் நிலம் பதினைந்து பாகை நீண்டு, பூமத்திய ரேகையையும் தாண்டிப் போகிறது. பக்கத்திலே இந்தியாவின் தென்முனையைக் காணோம், தட்டையாகிவிட்டது.

இந்தப் பிழை எத்தனை காலம் வாழ்ந்தது தெரியுமா? 1295ஆம் ஆண்டளவில் கொன்ஸ்தாந்திநோப்பிளிலே பிளனூடெஸ் என்ற துறவி அந்த நூலைத் தேடிப்பிடித்தார். இலத்தீனில் பெயர்த்தார்கள். 1477இல் பொலோஞாவில் படங்களோடு அச்சேறியது. போர்த்துக்கேயர் 1505இல் இங்கே வந்து தீவைக் கண்ணால் கண்ட பிறகாவது பிழை திருந்தியதா? 'இவ்வளவு சிறிய தீவு தப்ரபேனாக இருக்க முடியாது, சுமாத்திராதான் தப்ரபேன்' என்று சிலர் வாதித்தார்கள். ஏட்டை நம்பியவர்கள் ஏட்டைத் திருத்தவில்லை, தீவையே மாற்றிவிட்டார்கள்.

அந்நாளில் தேசப்படங்கள் வெவ்வேறு அளவில் தனித்தனியே விற்பனையாயின. விரிப்பதும் சுருட்டுவதும் பெருந்தொல்லை. இந்தத் தொல்லையைச் சொன்ன வணிகர் ஒருவருக்காகப் படங்களைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அன்ட்வேர்ப் நகரத்து ஒர்டெலியஸ். அதிலிருந்து வளர்ந்ததே 1570இல் 53 படத்தாள்களுடன் அவர் வெளியிட்ட நூல். யார் யாருடைய படங்களைப் பயன்படுத்தினார் என்று பெயர்ப் பட்டியலும் போட்டார். இந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். 'அட்லஸ்' என்ற பெயர் மெர்கேட்டர் வைத்தது; அவர் இறந்த மறுவருடம், 1595இல், அந்நூல் வெளிவந்தது.

பிறகு ஒல்லாந்தர் காலம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அங்கு பணியாற்றிய பல்தேயஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலிலே தேசப்படங்கள் உண்டு. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, சங்கானை என்று ஊர் ஊராகக் கோவில்பற்று விபரங்களும் உண்டு. தமிழ் எழுத்துகளையும் அதில் அச்சிட்டிருந்தார். ஊரிலே வாழ்ந்து கேட்டு எழுதியவர் என்பது தெரிகிறது.

ஆனாலும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களையே சூட்டினார்கள். வேலணை லைடன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. அவ்விரண்டும் வழக்கொழிந்தன. நெடுந்தீவு மட்டும் ஆங்கிலத் தேசப்படங்களிலும் அரசாங்கக் கடிதங்களிலும் இன்றைக்கும் 'டெல்ப்ட்'. குறிகட்டுவான் இறங்குதுறையிலே படகுக்குக் காத்து நிற்கும் ஒருவரிடம் எங்கே பயணம் என்று கேட்டுப் பாருங்கள். 'நெடுந்தீவுக்கு' என்பார்.