வெல்லக்கூடிய வேட்பாளர் யார் என்று யார் முடிவு செய்வது?

(அமெரிக்க அரசியல் பற்றிய வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சியைப் பற்றியது. அந்தக் கட்சி துணிந்து பேசும் முற்போக்காளர்களை வேட்பாளர்களாக நிறுத்த வேண்டுமா, யாரையும் பகைத்துக்கொள்ளாத மிதவாதிகளை நிறுத்த வேண்டுமா? "அந்த ஊர்ச் சண்டை நமக்கு எதற்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் நமக்குத் தொடர்புள்ள இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2023இல் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றத்தில் எஸ்.பி. 403 என்று ஒரு மசோதா வந்தது. வேலையில், வீட்டு வாடகையில், கல்வியில் சாதியின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்பதைச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதும் மசோதா அது. ஆயிஷா வகாப் என்ற செனட் உறுப்பினர் கொண்டுவந்தார். மே மாதம் மாநில செனட்டில் 34க்கு 1 என்ற கணக்கில் நிறைவேறியது. கீழவையில் 50க்கு 3. திருத்தங்களோடு மறுபடி செனட்டுக்கு வந்தபோது 31க்கு 5. இவ்வளவு பெரும்பான்மை நம் ஊரில் எந்தச் சாதி ஒழிப்புச் சட்டத்துக்காவது எளிதில் கிடைக்குமா என்று யோசித்துப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தோழர்கள் சேக்ரமெண்டோவில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மிச்சம் இருந்தது ஆளுநர் கையெழுத்து ஒன்றுதான்.

அக்டோபர் 7ஆம் நாள் ஆளுநர் கேவின் நியூசம் மசோதாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். இருக்கிற சட்டமே போதும், இது தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம். அவர் குடியரசுக் கட்சிக்காரர் இல்லை. ஜனநாயகக் கட்சிக்காரர், முற்போக்கு மாநிலத்தின் ஆளுநர். அடுத்த அதிபர் வேட்பாளர் என்று அப்போதே பேசப்பட்டவர். கட்சிக்கு நிதி திரட்டித் தரும் இந்திய வம்சாவளிப் பணக்காரர்கள் சிலர், இதில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அவரிடம் வலியுறுத்தியது செய்திகளில் வந்தது.

மிதவாதி என்பவர் யாரையும் புண்படுத்தாதவர் என்று சொல்கிறார்கள் அல்லவா? இந்த இடத்தில் அவர் புண்படுத்தவே செய்தார். உண்ணாவிரதம் இருந்தவர்களைப் புண்படுத்தினார். அவர்களைப் புண்படுத்தினால் செலவு குறைவு. அவ்வளவுதான் வேறுபாடு.

அதே ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. வாக்குகள் 6க்கு 1. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் க்ஷமா சாவந்த். தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர், அதை மறைக்காமல் சொல்லிக்கொண்டே சாதிக்கு எதிராக நின்றவர். அவர் ஜனநாயகக் கட்சியில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோசலிஸ்ட். 2013இல் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரைத் தோற்கடித்துத்தான் மன்றத்துக்குள் வந்தார். மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலிக்கான போராட்டத்தில் முன்னால் நின்றார். அவரைத் திரும்ப அழைக்க 2021இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள், அதிலும் தப்பினார். அப்படி ஒருவர் உள்ளே இருந்ததால்தான் அந்தத் தீர்மானம் மேசைக்கே வந்தது.

"சியாட்டிலில் முடியும் தோழர், எல்லா ஊரிலும் முடியுமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. ஜனநாயகக் கட்சிக்குள் நடக்கும் சண்டையே இதுதான்.

அங்கே வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை. பிரைமரி என்று ஒரு முதல்நிலைத் தேர்தல் நடக்கும். கட்சி ஆதரவாளர்கள் வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் பிறகு பொதுத் தேர்தலில் எல்லா வாக்காளர்களையும் சந்திக்க வேண்டும். இங்கேதான் ஒரு வாதம் வருகிறது: "உங்கள் மனதுக்குப் பிடித்தவரை நிறுத்தாதீர்கள், எதிர்த்தரப்பும் சகித்துக்கொள்ளக்கூடியவரை நிறுத்துங்கள்."

இந்த வாதத்தை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம் தோழர்களே. பூனா ஒப்பந்தத்தில் பிரைமரி இருந்தது, நம்மில் பலர் அதை மறந்துவிட்டோம். 1932இல் மாகாண சபைகளில் 148 இடங்கள் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு என்று எழுதினார்கள். தேர்தல் முறை இரண்டு கட்டம். முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள், அதாவது பெரும்பான்மையாகச் சாதி இந்துக்கள், தேர்ந்தெடுப்பார்கள். என்ன நடந்தது? 1945-46 தேர்தலில் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வேட்பாளர்கள் முதல்நிலைத் தேர்தலில் பல இடங்களில் முதலிடம் பெற்றார்கள், இறுதித் தேர்தலில் தோற்றார்கள். சேரி யாரை முதலில் தேர்ந்தெடுத்ததோ, அவரை ஊர் தேர்ந்தெடுக்கவில்லை. நால்வரில் யார் தனக்குத் தொந்தரவு தராதவரோ அவரைத் தேர்ந்தெடுத்தது. 1952இல் அம்பேத்கரே வடக்கு பம்பாயில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். இந்த ஏற்பாடு எப்படிப்பட்ட தலைவர்களை உருவாக்கியது என்பதைத்தான் கான்சிராம் 1982இல் 'சம்சா யுகம்' என்று புத்தகமாகவே எழுதினார்.

ஆகவே 'வெல்லக்கூடியவர்' என்ற சொல்லைக் கேட்டவுடன், யாருடைய வாக்கால் வெல்லக்கூடியவர் என்று கேட்க வேண்டும். ஆதிக்கம் செய்பவர்களின் வெறுப்பை அளவுகோலாக வைத்து அளந்தால், ஒடுக்கப்பட்டவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆள் எப்போதும் 'வெல்ல முடியாதவர்'தான். ஆனால் இந்த வரலாறு நமக்கு வசதியாக மட்டும் இல்லை. தோல்வி உண்மையான தோல்விதான். அம்பேத்கர் போன்றவருக்கே மக்களவைக் கதவு அடைத்துக்கொண்டது. அதைப் பொருட்படுத்தாமல் 'கொள்கைதான் முக்கியம்' என்று பேசுவது, தோற்றாலும் எதையும் இழக்காதவர்கள் பேசும் பேச்சு.

இப்போது அமெரிக்காவுக்குத் திரும்புவோம். 1964. அங்கே தென்மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி என்றால் வெள்ளையர் கட்சி. மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோரால் வாக்காளராகப் பதிவுசெய்யவே முடியாது. ஃபேனி லூ ஹேமர் என்ற பண்ணைக் கூலித் தொழிலாளி பதிவுசெய்யப் போனார் என்பதற்காக வீட்டைவிட்டுத் துரத்தினார்கள், பிறகு சிறையில் வைத்து அடித்தார்கள். இவர்கள் மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சி என்று தனியாக அமைத்துக்கொண்டு, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கட்சி மாநாட்டுக்குப் போய், "நாங்கள்தான் உண்மையான பிரதிநிதிகள், எங்களை உட்காரவையுங்கள்" என்று கேட்டார்கள். ஹேமர் சாட்சியம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தொலைக்காட்சிக் கேமராக்களைத் திருப்புவதற்காக அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பு நடத்தினார். தென்மாநில வெள்ளையர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம். கடைசியில் ஒரு சமரசம்: இவர்களில் இரண்டு பேருக்கு மட்டும் இடம். அந்த இரண்டு பேர் யார் என்பதையும் கட்சியே சொல்லும். ஹேமரும் தோழர்களும் மறுத்துவிட்டு வெளியே வந்தார்கள்.

அந்தச் சமரசத்தால் கட்சிக்கு என்ன கிடைத்தது? மிசிசிப்பியின் வெள்ளையர் பிரதிநிதிகளில் பெரும்பாலோர், விசுவாச உறுதிமொழி கொடுக்க மாட்டோம் என்று மாநாட்டைவிட்டே போய்விட்டார்கள். நவம்பரில் ஜான்சன் 44 மாநிலங்களை வென்றார். மிசிசிப்பியில் அவரை எதிர்த்த கோல்ட்வாட்டருக்கு 87 சதவீதம் விழுந்தது! யாருடைய கோபத்துக்குப் பயந்து ஹேமரை வெளியே நிறுத்தினார்களோ, அவர்கள் எப்படியும் வாக்களிக்கவில்லை. அடுத்த ஆண்டே வாக்குரிமைச் சட்டம் வந்தது, அதன்பின் அந்த மாநிலத்தில் கட்சிக்கு நிலையாக வாக்களிப்பவர்கள் ஹேமரின் மக்கள்தான்.

மறுதரப்புக்கும் சான்றுகள் உண்டு, அவற்றையும் பேசாமல் போனால் நாம் நம்மையே ஏமாற்றுகிறோம். 1972இல் வியட்நாம் போரைத் துணிந்து எதிர்த்த மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றார். 1992இலும் 1996இலும் மிதவாதி கிளிண்டன் வென்றார். 2020இல் சாண்டர்ஸைப் பின்தள்ளிய பைடன் டிரம்ப்பைத் தோற்கடித்தார். அதே 2020இல் நெப்ராஸ்காவின் ஓமஹா தொகுதியில் அதிபர் தேர்தலில் பைடன் முந்தினார், ஆனால் அங்கே நாடாளுமன்றத்துக்கு நின்ற முற்போக்கு வேட்பாளர் காரா ஈஸ்ட்மன் தோற்றார். அவரை வேண்டாம் என்றவர்களில் கணிசமானோர் பைடனுக்கு வாக்களித்தவர்கள். இது ஒரு செய்தி. காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கம் டுகாகிஸ், கோர், கெர்ரி, ஹிலாரி, ஹாரிஸ் எல்லோரும் பாதுகாப்பான தேர்வு என்றுதான் நிறுத்தப்பட்டார்கள். தோற்றார்கள். மிதவாதி தோற்றால் அது அந்த ஆளின் தோல்வி, சூழ்நிலையின் தோல்வி. முற்போக்காளர் தோற்றால் மட்டும் கொள்கையே தோற்றுவிட்டது என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மெக்கவர்ன் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். வென்ற கிளிண்டன் 1996இல் என்ன செய்தார் தெரியுமா? ஏழைத் தாய்மார்களுக்கு அறுபது ஆண்டுகளாக இருந்த உதவித்தொகை உரிமையை முடித்துவைக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த வெற்றிக்கான விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது கட்டுப்பாடு பற்றிய உபதேசம். முதல்நிலைத் தேர்தலில் தோற்ற முற்போக்காளரிடம், ஒற்றுமைக்காக மிதவாதியை ஆதரியுங்கள் என்பார்கள். பெரும்பாலோர் ஆதரிக்கவும் செய்கிறார்கள், சாண்டர்ஸ் 2016இலும் 2020இலும் செய்தார். எதிர்ப்பக்கம்? 2021இல் பஃபலோ நகர மேயர் பதவிக்கு இந்தியா வால்டன் என்ற கறுப்பினச் செவிலியர், ஒரு சோசலிஸ்ட், முதல்நிலைத் தேர்தலில் அப்போதைய மேயரைத் தோற்கடித்தார். தோற்ற மேயர், வாக்குச்சீட்டில் பெயரில்லாமலே, தன் பெயரை எழுதி வாக்களிக்கச் சொல்லி நின்று வென்றார். 2025இல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ குவோமோ ஜூன் மாதம் ஸோரான் மம்தானியிடம் தோற்றுவிட்டு, நவம்பரில் சுயேச்சையாக நின்றார். தேர்தலுக்கு முதல் நாள் அவருக்கு ஆதரவு தெரிவித்தவர் டொனால்ட் டிரம்ப்! ஒற்றுமை என்பது கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குக் கட்ட வேண்டிய வரியா?

மம்தானி வென்றார். பத்து லட்சத்துக்கும் மேல் வாக்குகள், பாதிக்குச் சற்று அதிகம். அதே 2025 நவம்பர் 4ஆம் நாள் வர்ஜீனியாவில் ஸ்பேன்பெர்கர், நியூஜெர்சியில் ஷெரில் என்ற இரண்டு மிதவாதிகள் ஆளுநர் தேர்தலில் பத்து சதவீதத்துக்கும் மேலான வேறுபாட்டில் வென்றார்கள். இரண்டு முகாமும் "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னதுதான்" என்றன. ஆனால் மூவரும் என்ன பேசி வென்றார்கள் என்று பாருங்கள். மம்தானி வீட்டு வாடகையும் பேருந்துக் கட்டணமும் பேசினார். ஷெரில் மின்கட்டணத்தை உயரவிடாமல் நிறுத்துவேன் என்றார். ஸ்பேன்பெர்கரும் விலைவாசிதான் பேசினார். வயிற்றுப் பிரச்சினையைப் பேச மிதவாதிக்கும் தடையில்லை.

ஆகவே என் கருத்து இது. கட்சி எப்படியும் வெல்லும் தொகுதிகளில் மிதவாதியை நிறுத்த எந்த நியாயமும் கிடையாது. அங்கே பயமுறுத்தும் வாதமே செல்லாது. 2018இல் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் பத்து முறை வென்ற ஜோ கிராலியைத் தோற்கடித்ததும் அப்படிப்பட்ட தொகுதியில்தான். எந்த இடமும் குடியரசுக் கட்சிக்குப் போகவில்லை. ஓமஹா போன்ற இழுபறித் தொகுதிகளில் அந்த ஊர் மண்ணைத் தெரிந்த மிதவாதியை நிறுத்துவதை நான் துரோகம் என்று சொல்ல மாட்டேன். வரி விகிதத்தில், வர்த்தகத்தில், பேசும் தொனியில் அவர் விட்டுக்கொடுக்கட்டும். விட்டுக்கொடுப்பது அவருடையதாக இருக்க வேண்டும். வாக்குரிமை, சாதி, நிறம், பெண்ணின் உடல் ஆகியவை பேரத்துக்கு வந்தால், விட்டுக்கொடுப்பது அடுத்தவருடையது. 2022இல் தெற்கு டெக்சாஸில் கருக்கலைப்பு உரிமையை எதிர்க்கும் தங்கள் பதவி உறுப்பினரைக் காப்பாற்றக் கட்சித் தலைமையே இறங்கி வேலை செய்தது. எதிர்த்து நின்ற ஜெசிகா சிஸ்னெரோஸ் என்ற இளம்பெண் தோற்றது 289 வாக்குகளில். ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைப் பறித்தது.

பொதுத் தேர்தலில் எதிரே நிற்பது டிரம்ப் கட்சி என்றால், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது மிதவாதிக்கு வாக்களிக்கத்தான் வேண்டும். அதைத்தான் அங்குள்ள தோழர்களிடமும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய கட்டத்தில் வாயை மூடிக்கொள்ளச் சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒரு கட்டத்தில்தான் நம் வாக்குக்கு விலை இருக்கிறது.

2026இல் கலிஃபோர்னியா புதிய ஆளுநரைத் தேர்ந்தெடுக்கிறது. நியூசம் மறுபடி நிற்க முடியாது. அங்கே வாக்குரிமை உள்ள தமிழர்கள், பஞ்சாபின் ரவிதாசிகள், மராட்டிய பௌத்தர்கள் இருக்கிறார்கள். வேட்பாளர்கள் நிதி திரட்டும் விருந்துகளுக்கு வருவார்கள், கோவிலுக்கும் குருத்வாராவுக்கும் வருவார்கள். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எஸ்.பி. 403 மறுபடி உங்கள் மேசைக்கு வந்தால் கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.