ஓடத்துறையும் ஓர் ஊரும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

துறையாற் பெயர் பெற்ற ஊர்கள் நம் நாட்டிற் பலவுள. ஆயினும் இன்று கடல் கடந்த ஓர் ஓடத்துறையின் வரலாற்றை எடுத்துரைக்க விழைகின்றேன். நம் சங்கம் இப்பொழுது ஆராய்ந்து வரும் மாணவர் விடுதிக்கு அவ்வரலாறு நேரே பயன்படுவதாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பொட்டோமாக், ஷெனண்டோவா என்னும் இரண்டு ஆறுகள் மலைகளினிடையே ஒன்றுகூடுமிடத்தில் ஹார்ப்பர்ஸ் பெரி என்னும் சிற்றூர் உளது. ஹார்ப்பரின் ஓடத்துறை என்பது அதன் பொருள். பவானிக் கூடுதுறையைக் கண்டோர் அவ்விடத்தை ஒருவாறு மனத்தில் அமைத்துக்கொள்ளலாம். 1733-ஆம் ஆண்டில் பீட்டர் ஸ்டீபன்ஸ் என்பார் அங்கு ஓடம் விட்டார். 1747-இல் கட்டடத் தொழில் வல்ல ராபர்ட் ஹார்ப்பர் அத்துறையை அவரிடமிருந்து விலைக்குப் பெற்றார். 1761-இல் வர்ஜீனியாச் சட்டசபை அவர்க்குத் துறையுரிமை வழங்கிற்று. 1763-இல் ஊரும் சட்டப்படி நிறுவப்பட்டது.

நீரின் விசையைக் கருதி, 1796-இல் அரசாங்கத்தார் அங்கு நிலம் வாங்கிப் படைக்கலச் சாலை அமைத்தனர். 1861 வரையில் ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட துப்பாக்கிகள் ஆங்கே செய்யப்பட்டன. 1824-இல் பாலம் முற்றுப்பெற்றது, ஓடம் ஓய்ந்தது. ஊர் செழித்தது. ஆனால் அச்செழிப்பினூடே மனிதரை மனிதர் விலைக்கு விற்கும் அடிமை வழக்கமும் நிலவிற்று.

அதனை ஒழிக்கத் துணிந்த ஜான் பிரவுன் என்பார், 1859 அக்டோபர் 16-ஆம் நாள் இரவு, சிறு கூட்டத்துடன் அப்படைக்கலச் சாலையைக் கைப்பற்றினார். அதில் முதற்கண் மாண்டவர் அடிமையல்லாத ஒரு நீக்ரோவரே என்பது வருந்தத்தக்கது. இரண்டு நாளில் பிரவுன் பிடிபட்டார். டிசம்பர் 2-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் படைக்கலச் சாலை எரியுண்டது.

அன்பர்களே! இனித்தான் நான் சொல்லவந்த செய்தி. போர் முடிந்ததும், அப்படைக்கலச் சாலையின் அதிகாரிகள் குடியிருந்த வீட்டிலேயே, விடுதலை பெற்ற அடிமைகளின் மக்களுக்கு ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. ஜான் ஸ்டோரர் என்னும் செல்வர் 10,000 டாலர் தர முன்வந்தார். அதற்கீடான தொகையைப் பிறரும் திரட்டவேண்டும் என்றார். நிறமும் மதமும் ஆண் பெண் என்பதும் பாராமல் யாவரையும் சேர்க்கவேண்டும் என்றும் விதித்தார். அவ்வாறே 1867-இல் ஸ்டோரர் கல்லூரி எழுந்தது. 1906-இல் டூபாய்ஸ் முதலிய நீக்ரோவத் தலைவர்கள் ஆங்குக் கூடி, சம உரிமை கோரினர். பிரவுன் நின்று பொருத கட்டடத்தை, கோயிலுக்குச் செல்வார்போல் வெறுங்காலோடு சென்று கண்டனர். 1955-இல் கல்லூரி மூடப்பட்டது. ஆயினும் அங்குக் கற்றோர் பெற்ற அறிவை யார் மூடவல்லார்?

நம் விடுதியில் நம் குலத்துப் பிள்ளைகளை மட்டுமே சேர்க்கவேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். நம் பொருள் நம் மக்களுக்கே ஆகவேண்டுமென்னும் அவர் கவலை பொய்யன்று. நம்மவர்க்கென ஓடம் கட்டுவது குற்றமுமன்று. ஆனால் இடமிருந்தும், கரையில் நிற்கும் ஏழைச் சிறுவனை விட்டுச் செல்வது துறை வைத்தவர்க்கு அழகாகுமா? ஓடம் ஆள் பார்த்து மிதப்பதில்லை. விடுதியில் ஒரு பகுதியையேனும் எக்குலத்து ஏழை மாணவர்க்கும் ஒதுக்குமாறு உங்களை வேண்டி அமைகின்றேன்.