வாதாங்கொட்டையும் உதளங்காயும்



தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் நாம், தேக்காவில் சாமான்களை வாங்கி முடித்ததும், பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்கோ சாங்கிக்கோ போவதுண்டு. அங்கே மணலில் கிடக்கும் காயை எடுத்து, "இதைத் தின்னலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இக்கேள்விக்குரிய விடையைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அங்கே இருவகை மரங்கள் வளர்கின்றன. ஒன்றின் பருப்பு உணவு. மற்றதன் பருப்பு உயிரைக் குடிக்கும் நஞ்சு.

முதலாவது நாட்டு வாதுமை. மலாய்க்காரர் இதைக் கெத்தாப்பாங் என்பர். தமிழ்நாட்டில் வாதாங்கொட்டை மரம், இலங்கையில் கொட்டான். கடையில் விற்கும் பாதாம் வேறு மரத்தினுடையது. நாட்டு வாதுமையோ நம் கடுக்காய்க்கும் மருதமரத்துக்கும் உறவு. கிளைகள் அடுக்கடுக்காகப் பரந்திருக்கும். இலை அகன்றது, நுனிப்பக்கம் மேலும் விரிந்தது, உதிருமுன் சிவக்கும். காய் சற்றே தட்டையாய், ஓரத்தில் விளிம்புடன் இருக்கும். காயை வெயிலில் உலர்த்திக் கல்லால் உடைத்தால், சிறு பருப்புக் கிடைக்கும். பச்சையாகவும் வறுத்தும் தின்னலாம். அதில் ஏறக்குறைய பாதி எண்ணெய்ச் சத்து. பூசணம் பிடித்ததை எறிந்துவிட வேண்டும். கொட்டைப் பருப்பு ஒவ்வாத பிள்ளைகளுக்குத் தரலாகாது.

இரண்டாவது உதளை. சிங்கப்பூரில் பொங்பொங் என்பார்கள். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது; நிழலுக்காகச் சாலையோரங்களிலும் நட்டிருக்கிறார்கள். இலை நீண்டு பளபளக்கும். கிள்ளினால் பால் வடியும். பூ வெண்மை, நடுவில் மஞ்சள். பச்சைக் காய், பார்வைக்குச் சிறு மாங்காய் போல் உருண்டிருக்கும். உள்ளேயுள்ள பருப்பின் நஞ்சு இதயத்துடிப்பையே நிறுத்திவிடும். கேரளத்தில் இதனால் பலர் இறந்திருக்கிறார்கள்.

இரண்டு காய்களும் நாருள்ளவை. கடலில் மிதந்து கரை சேர்பவை. தோல் உரிந்து காய்ந்துவிட்டால், பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே கரையில் ஒதுங்கிய காயைத் தின்னவே கூடாது. மரத்தையும் இலையையும் பார்த்து, விவரம் தெரிந்த பெரியவர் உறுதி செய்த பிறகே உண்ண வேண்டும். பால் வடிவதை மட்டும் அடையாளமாகக் கொள்ளவும் கூடாது. பலாவிலும் பால் உண்டு.

இன்னொன்று. சிங்கப்பூர்ப் பூங்காக்களில் அனுமதியின்றிக் காய் பறிப்பது சட்டப்படி குற்றம். அங்கே பார்த்துக் கற்போம். நம் வீட்டு வாசலில் உள்ள வாதுமையில் சுவைப்போம்.

தப்பித் தவறி யாரேனும் உதளங்காயைத் தின்றுவிட்டால், கைவைத்தியம் பார்த்துப் பொழுதைப் போக்காதீர்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை உடனே அழையுங்கள். தின்ற காயின் மிச்சத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மரவள்ளியை வேக வைத்தே உண்ணவேண்டும் என்று நம் பாட்டிமார் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அதைப்போல, இவ்விரு மரங்களின் அடையாளத்தையும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவோம்.