மூச்சு தரும் கருவி நுரையீரலைக் காயப்படுத்துமா?

"வென்டிலேட்டரில் வைத்தார்கள், அதோடு ஆள் போய்விட்டார்." பினாங்கில் துக்க வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. 2021இல் மலேசியா முழுவதும் ஒரே நேரத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான கோவிட் நோயாளிகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, இந்தப் பேச்சே பெரிய பயமாகிவிட்டது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, பெரியோர்களே. அதை மறைத்தால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இயல்பான மூச்சில் நெஞ்சு விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. கருவியோ காற்றை உள்ளே தள்ளுகிறது. கடுமையான நிமோனியாவில் பல காற்றறைகள் நீர் கோத்து அடைத்திருக்கும். தள்ளிய காற்று அங்கே போகாமல், மிச்சமிருக்கும் நல்ல இடத்திலேயே போய் நிறையும். பத்துப் பேர் சோற்றை இரண்டு பேர் வயிற்றில் திணித்தால் என்ன ஆகும்? நல்ல அறைகள் அளவுக்கு மீறி விரிந்து, சவ்வு புண்ணாகி, அங்கும் நீர் கசியும். அந்த அழற்சி இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தையும் தாக்கலாம்.

ஒரு காலத்தில் டாக்டர்கள் பெரிய மூச்சாகத்தான் கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அதைப் புரட்டிப் போட்டது. 861 நோயாளிகள். கிலோவுக்கு 12 மில்லி கணக்கில் காற்று பெற்றவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி பெற்றவர்களில் 31 சதவீதம் பேர். புது மருந்து எதுவும் இல்லை, காற்றின் அளவைக் குறைத்ததுதான். வேடிக்கை என்னவென்றால், முதல் சில நாட்களில் சிறிய மூச்சு பெற்றவர்களுக்குத்தான் ஆக்சிஜன் அளவு சுமாராக இருந்தது. "இன்னும் கூட்டி வையுங்க டாக்டர்" என்று கெஞ்சும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே கிலோ என்பது தராசு காட்டும் எடை அல்ல, உயரத்தை வைத்துப் போடும் கணக்கு. நாசி கண்டார் சாப்பிட்டுத் தொப்பை வளரலாம், நுரையீரல் வளராது. 160 செ.மீ. உயரமுள்ள ஆண் 90 கிலோ இருந்தாலும் கணக்குக்கு 57 கிலோதான்; ஒரு மூச்சுக்குச் சுமார் 340 மில்லி. ஆகவே தாதி உயரம் கேட்டால், பெருமைக்காக இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லாதீர்கள்.

அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்திருந்தால் சண்டைக்குப் போகவும் வேண்டாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை நாளுக்கு 16 மணி நேரம் அப்படி வைத்ததில், 28 நாளில் இறந்தவர்கள் 33 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தார்கள் என்று 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டினார்கள். காற்று முதுகுப் பக்கமும் பரவுவதால், ஒரே இடம் அடி வாங்குவதில்லை.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியானாலும் தனியார் மருத்துவமனையானாலும், கருவி வேண்டாம் என்று கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் கேளுங்கள்: "சின்ன மூச்சாகத்தான் கொடுப்பீர்களா? எடுத்துவிட முடியுமா என்று எப்போது பார்ப்பீர்கள்?"